தம்பி படிப்பைப் பாதியில் விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பகுதி நேரமாகப் பார்க்கும் டெஸ்டிங் வேலையிலேயே முழுநேரமாகச் சேர்ந்துவிடுகிறேன், படிப்பு வேண்டாம் என்கிறான்.

நேற்று ராத்திரி லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, அவன் சேர்த்து வைத்திருந்த 11 வேலை விளம்பரங்களைக் காட்டினான். 7-ல் ‘பட்டம் அல்லது இணையான அனுபவம்’ என்று இருந்தது. மீதி 4-ல் பட்டம் கட்டாயம். சம்பளம் அதிகம் அந்த நான்கில்தான்.

பட்டம் என்பது ஆள் எடுப்பவருக்குத் திறமையைக் காட்டும் ஓர் அடையாளம் என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-லேயே எழுதினார். வேலையில் திறமையைக் காட்டிவிட்டவனுக்கு அந்த அடையாளம் இனி எதற்கு என்பது தம்பியின் கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் பல நாடுகளில் வேலை விசாவுக்கே பட்டம் கேட்கிறார்களே, அப்போது என்ன செய்வான்?

பட்டம் இல்லாமல் சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: பதவி உயர்வில், கம்பெனி மாறும்போது எங்காவது தடுக்கிறதா? வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் முடித்தவர்கள், அதை முழுநேரப் படிப்புக்குச் சமமாக மதித்தார்களா? ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் பேசினால் பெரிய உதவி. அடுத்த வாரம் கட்டணம் கட்டக் கடைசி நாள்.