டிவிடி டிரைவ் இடத்தில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கிறேன். எனது மடிக்கணினியில் பயன்படாமல் கிடந்த டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்கைத் தாங்கும் சட்டகமான, வேறொரு நிறுவனம் தயாரித்த கேடியைப் (caddy) பொருத்தி, அதனுள் பழைய 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை வைத்துள்ளேன். பிரதான இடத்தில் புதிய எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத, வேகமான சேமிப்புச் சாதனம்) இருக்கிறது.

பம்பலப்பிட்டியில் வாங்கிய முதல் கேடி 12.7 மில்லிமீற்றர் தடிப்புடையது என்பதால் உள்ளே செல்லவில்லை. எனக்குத் தேவைப்பட்டது 9.5 மில்லிமீற்றர், வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்திருக்க வேண்டும். மாற்றி வாங்கியது சரியாகப் பொருந்தியது. ஆனால் கணினி உறக்கநிலையிலிருந்து மீளும்போது இரண்டு முறை மெல்லிய 'டிக்' ஓசை கேட்கிறது, அத்துடன் அந்த டிஸ்க் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. கணினியை முழுமையாக நிறுத்தி மீண்டும் இயக்கினால் மட்டுமே திரும்ப வருகிறது. அதே டிஸ்க் யூஎஸ்பி வழியாக மணிக்கணக்கில் குறையின்றி இயங்குவதால், அது பழுதடையவில்லை என்றே நம்புகிறேன்.

டிவிடி டிரைவின் மின் இணைப்பில் 6 ஊசிகளும் ஹார்ட் டிஸ்க்கின் மின் இணைப்பில் 15 ஊசிகளும் உள்ளன. இரண்டையும் இணைப்பது கேடியிலுள்ள சிறிய மின்சுற்றுப் பலகையே என்பதால், எனது சந்தேகம் முழுவதும் அதன் மீதுதான். அதன் ஓரத்தில் நகநுனியால் நகர்த்தக்கூடிய ஒரு சிறிய ஆளியும் உண்டு. அதை எந்த நிலையில் வைக்க வேண்டும்? பயோஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளில்) ஏதேனும் மாற்ற வேண்டுமா? அல்லது எஸ்எஸ்டியைக் கேடிக்கு மாற்றுவது நல்லதா?

அம்மாவின் குரல் பதிவுகள் அந்த டிஸ்க்கில் உள்ளன. பிரதி எடுத்துவிட்டேன், எனினும் மனம் அமைதியடையவில்லை. இதே சிக்கலைத் தீர்த்தவர்கள் தயவுசெய்து விபரமாக எழுதுங்கள்.