அணையாத சார்ஜ் லைட்: பழைய கார்க்காரர்களின் அனுபவங்கள்

அம்பாசடர் மார்க் 4, மதுரை:

டிங்கரிங், பெயிண்ட், சீட் வேலை எல்லாம் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி ஹெட்லைட் போட்டால், பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்று டாஷ்போர்டில் எச்சரிக்கும் சிவப்பு சார்ஜ் லைட் கங்கு மாதிரி மங்கலாக எரியும். கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஆல்டர்னேட்டர் டயோடு போயிடுச்சு சார், மாத்திடுங்க." (எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர்; அந்தக் கரண்டை ஒரே திசையில் விடுவது அதற்குள் இருக்கும் டயோடு. முன்னாடி இருந்தவர் பழைய காலத்து டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டி இது.)

டயோடு போவது உண்டுதான். ஆனால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் நின்றது. சார்ஜ் நன்றாக ஏறுகிற ஆல்டர்னேட்டரை எதற்குக் கழற்ற வேண்டும்?

மற்ற பல்புகள் போல இந்த சார்ஜ் லைட் பல்பின் மறுமுனை நேராக எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்கு, போவதில்லை. ஒரு முனை இக்னிஷன் சுவிட்சில், இன்னொரு முனை ஆல்டர்னேட்டரில். டைனமோ வண்டி என்றால் அதன் 'டி' முனையில். சாவி போட்டதும் சுவிட்ச் பக்கம் 12 வோல்ட், சுற்றாத ஆல்டர்னேட்டர் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் எரிகிறது. எஞ்சின் ஓடி இரண்டு பக்கமும் சமமானதும் அணைகிறது. ஓடும்போதும் மங்கலாக எரிந்தால் ஏதோ ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பாகத்தை மாற்றுவது வீண் செலவு.

எங்கள் ஏரியா எலெக்ட்ரீஷியன் பாய் ஹெட்லைட்டைப் போடச் சொல்லி வோல்ட் மீட்டர் வைத்தார். ஆல்டர்னேட்டர் பக்கம் 14.1. சுவிட்சுக்கு வரும் பிரவுன் ஒயரில் 12.2 தான். உடனே அந்த ஒயரைப் பிடித்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அருகே நிறுத்தி, "இங்க கை வெச்சுப் பாருங்க" என்றார். நல்ல சூடு. ரப்பர் ஸ்லீவை உரித்தால் காப்பர் இழைகள் பச்சை பூத்து, பாதிக்கு மேல் அறுந்து கிடந்தன. ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் கரண்ட் அந்த ஒரே லக் வழியாகத்தான். ஹெட்லைட் இழுக்கும்போது சுவிட்ச் பக்கம் வோல்ட்டேஜ் விழுகிறது, பகலில் விழுவதில்லை. கெட்டதை வெட்டி, சால்டர் வைத்து, புது லக் போட்டார். அன்றைக்கே தொல்லை விட்டது.

லூகாஸ் (பிரிட்டிஷ் எலெக்ட்ரிகல் கம்பெனி) வகை ஒயரிங்கில் பிரவுன் என்றால் ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸைத் தாண்டியது, கறுப்பு எர்த். இதெல்லாம் கம்பெனி ஒயரிங் அப்படியே இருந்தால்தான். நம் ஊர் அம்பாசடரில் எத்தனை கை பட்டிருக்கும்! கலரை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

பிரீமியர் பத்மினி, கோவை:

என் வண்டியில் வேறு கூத்து. இடது இண்டிகேட்டர் போட்டால் டாஷ்போர்டு மீட்டர் வெளிச்சமும் கூடவே துடிக்கும். "வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்குப்பா" என்று பையன் சிரிப்பான். பேய் புது பெயிண்டில் இருந்தது. மீட்டர் போர்டு, டாஷ்போர்டுத் தகட்டைத் தொட்டுத்தான் எர்த் எடுக்கிறது. அந்தத் தகட்டுக்கு இரண்டு பக்கமும் கனமாகப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். திரும்ப வழியில்லாத கரண்ட் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து போகிறது.

டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி பிளஸில் மாட்டி, கூர்முனையை மீட்டர் உடம்பில் வைத்தேன்: மங்கல். பாடியில் பெயிண்ட் இல்லாத போல்ட்டில் வைத்தேன்: பளிச். முன்பக்கம் சுரண்ட மனசு வரவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மீட்டரிலிருந்து தனியாக ஒரு கறுப்பு ஒயர் இழுத்தேன். அவ்வளவுதான்.

மதுரை சாருக்கு ஒரு கேள்வி: மீட்டர் பல்பு எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிவிடலாமா?

அம்பாசடர் மார்க் 4, மதுரை:

மீட்டர் வெளிச்சத்துக்குத் தாராளமாகப் போடுங்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் சார்ஜ் லைட்டுக்கு மட்டும் வேண்டாம். அந்த 2.2 வாட் பல்பு வழியாகப் போகிற கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ஃபீல்டை (காந்தச் சுருளை) முதலில் தட்டி எழுப்புகிறது. எல்இடி விடுகிற துளி கரண்ட் அதற்குப் போதாது, ஸ்டார்ட் ஆன பிறகும் சார்ஜ் ஏறாமல் நிற்கும். பல்பு ஃப்யூஸ் ஆனாலும் இதே கதைதான்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னை:

வண்டலூரில் பிறந்த வண்டி என்னுடையது. எஞ்சின் வேலை முடித்துக் கொடுத்தபோது சூடானதும் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் பிரஷர் குறைந்தால் எரிகிற ஆயில் லைட் மினுக்கியது. பேரிங் போச்சு என்று வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். எஞ்சினில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன், லைட் அணைந்தது. அப்படியானால் ஒயர் எங்கும் எர்த் அடிக்கவில்லை. அப்புறம் சுவிட்ச் இருந்த துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, எஞ்சின் சூடான பிறகு பார்த்தோம். ஐட்லிங்கிலேயே பிரஷர் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு). இந்த சுவிட்ச் 5, 7 பிஎஸ்ஐ வந்தாலே லைட்டை அணைக்க வேண்டியது. எஞ்சின் வேலையின்போது மெக்கானிக் போட்ட புது சுவிட்ச்தான் கோளாறு. பழையதைத் தேடி எடுத்து மாட்டினேன், மினுக்கல் நின்றது.

கேஜிலும் பிரஷர் இறங்கியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஸ்பேருக்கு ஒரு நல்ல ஆயில் சுவிட்ச் வேண்டும். புதுப்பேட்டையில் கிடைத்ததெல்லாம் சந்தேகமாக இருக்கிறது, யாரிடமாவது பழைய ஸ்டாக் இருந்தால் சொல்லுங்கள்.