பக்கத்துக் கடை காலியாகிறது: சலூனைப் பெரிசாக்கலாமா?

ரெண்டு கதிரை (ஹட்டன்)
எல்லோருக்கும் வணக்கம். டவுனில் ரெண்டு கதிரை போட்டு ஏழு வருஷமாக ஆண்கள் சலூன் நடத்துகிறேன். நானும் ஒரு தம்பியும் வெட்டுகிறோம். பக்கத்துக் கடை அடுத்த மாதம் காலியாகிறது. ரெண்டுக்கும் ஒரே ஓனர்தான். நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கிக்கொள் என்கிறார். கீ மணி (கடை எடுக்கும்போது ஓனருக்கு மொத்தமாகக் கொடுப்பது) 6 லட்சம், வாடகை மேலதிகமாக மாதம் 40,000. கதிரை, கண்ணாடி, தலை கழுவும் பேசின், கீசர் என்று இன்னொரு 6 லட்சம் பிடிக்கும். 12 லட்சமும் லோன்தான். வட்டி 14 வீதம், 4 வருஷம்.

ஞாயிறு வந்தால் வாங்கில் உட்கார இடமில்லாமல் பொடியன்கள் படியில் நிற்கிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் நிறைய. வீட்டுக்காரி எடுங்கள் என்கிறாள். அப்பா வேண்டாம் என்கிறார். அவர் தோட்டத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பலகையில் உட்காரவைத்து வெட்டியவர். அவருக்கு இந்த ரெண்டு கதிரையே பெரிசு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை (தலவாக்கலை)
தம்பி, முதலில் கணக்கு. 12 லட்சத்துக்கு 14 வீதம் என்றால் மாதத் தவணை 33,000-க்குப் பக்கத்தில் வரும். வாடகையோடு 73,000. வெட்டு 500 ரூபாய் என்று வைப்போம். வெட்டுகிற பொடியனுக்குப் பாதி போனால் உன் கையில் 250. அப்படியானால் இப்போது வருகிறவர்களுக்கு மேலே மாதம் 292 தலை வரவேண்டும். செவ்வாய் கடை பூட்டுவாய்தானே? (திறந்தாலும் நம்மாள் யாரும் அன்றைக்கு முடி வெட்டமாட்டான்.) மிச்சம் 26 நாள். நாளுக்கு 11 தலை கூடுதலாக வந்தால்தான் கைக்காசு போடாமல் தப்புவாய். கரண்ட் பில்லை நான் சேர்க்கவே இல்லை.

கூட்டம் ஞாயிறு மட்டும்தானா? தோட்டத்துச் சம்பளம் 10-ஆம் திகதி வாக்கில் கிடைத்ததும் நாலு நாள் நிரம்பும், அப்புறம் ஈ ஓட்டுவாய். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் தை வரைக்கும் கத்தரிப் பக்கமே வரமாட்டார்கள்.

கொழும்பு கத்தரி (வெள்ளவத்தை, ஊர் பொகவந்தலாவ)
கணக்குப்பிள்ளை அண்ணன் கோவிக்கக்கூடாது. நீங்கள் உள்ளே வந்தவர்களைத்தான் எண்ணுகிறீர்கள். எட்டிப் பார்த்துப் போனவனை யார் எண்ணுவது? அவன் அன்றைக்கு மட்டும் போகவில்லை, அடுத்த முறை நேராகவே வேறு கடைக்குப் போகிறான். இப்போதைய பொடியன்கள் ஃபோனில் படம் காட்டி ஃபேட் (பக்கத்து முடியைப் படிப்படியாகக் குறைக்கும் வெட்டு), தாடி செட் கேட்கிறார்கள். ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம். ரெண்டு கதிரையில் எத்தனை பேரைப் பார்ப்பீர்கள்?

இன்னொன்று. உங்களிடம் வெட்டும் அந்தத் தம்பிக்கு வளர இடமில்லை என்றால் ஒருநாள் அவனும் என்னைப்போல பஸ் ஏறிவிடுவான். நான் பழகிய கடையில் ஒரே கதிரைதான். அது முதலாளியின் கதிரை. ரெண்டு வருஷம் முடி கூட்டினேன். அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

பழைய நுவரெலியாக்காரன்
நான் பெரிசாக்கியவன், கேளுங்கள். 2019 ஜனவரியில் நுவரெலியாவில் ரெண்டு கதிரையை ஐந்து ஆக்கினேன். ஏப்ரல் சீசனை நம்பித்தான் லோன் எடுத்தேன். 21-ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்தது, சீசன் அன்றோடு முடிந்தது. அடுத்த மார்ச்சில் கொரோனா ஊரடங்கு, சலூன்தான் முதலில் பூட்டியது. 2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. சார்ஜ் போட முடியாமல் கிளிப்பரைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் உள்ள பேக்கரிக்கு ஓடுவேன். அதே ஆகஸ்ட்டில் மின் கட்டணத்தை 75 வீதம் கூட்டினார்கள், அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66. பிறகு கொஞ்சம் இறக்கினார்கள் என்பது வேறு. குளிர் ஊரில் வெந்நீர் இல்லாமல் தலை கழுவ முடியுமா?

வங்கியின் பெயரைச் சொல்ல விருப்பமில்லை. மூன்று தவணை தவறியதும் வீட்டுக்கே ஆள் வந்தது. இப்போது மறுபடி ரெண்டு கதிரைதான். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கொழும்பு கத்தரி
அண்ணே, நடந்தது வருத்தம்தான். ஆனால் குண்டும் கொரோனாவும் வருஷா வருஷம் வருவதில்லையே.

பழைய நுவரெலியாக்காரன்
2025 நவம்பரில் டித்வா புயல் வந்ததே, அது எந்தக் கணக்கில்? மண் சரிந்து பாதை அடைபட்டபோது தோட்டத்து ஆள் எப்படி டவுனுக்கு வருவான்? மலையில் கடை போட்டவன் மழையையும் செலவில் எழுதவேண்டும். உங்கள் வெள்ளவத்தையில் துவாய் காயும். இங்கே ஜூன், ஜூலையில் நாற்பது துவாயைத் தோய்த்துக் கொடியில் போட்டால் மூன்றாம் நாளும் ஈரம், ஒரு மாதிரி நாற்றம் வேறு. கதிரை கூடினால் துவாயும் கூடும். உலர்த்தும் மெஷினுக்குக் காசு ஒதுக்கினாயா தம்பி?

ரெண்டு கதிரை
இல்லை அண்ணே. இப்போது அடுப்பு மேட்டில்தான் கட்டிக் காயவைக்கிறோம். வீட்டில் அதற்குத் தனிச் சண்டை.

பண்டாரவளை அக்கா
அந்தச் சண்டையில் நான் உங்கள் வீட்டுக்காரி பக்கம். பதினாறு வருஷமாகப் பெண்களுக்கான சலூன் வைத்திருக்கிறேன். எல்லோரும் ஆண் தலையையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி, மகனை முடி வெட்டக் கூட்டிவரும் அம்மாமார் உங்கள் கடையில் எங்கே உட்காருகிறார்கள்?

ரெண்டு கதிரை
உள்ளே வரமாட்டார்கள் அக்கா. வெளியே குடை பிடித்து நிற்பார்கள்.

பண்டாரவளை அக்கா
அதுதான் உங்கள் அடுத்த கடை. சுவரை உடைக்காதீர்கள். உடைத்து ஒன்றாக்கினால் எந்தப் பெண்ணும் அந்த வாசலில் கால் வைக்கமாட்டாள். தனி வாசல், கண்ணாடிக்குத் திரை, ஒரு கதிரை, ஒரு பேசின் போதும். சாமான் 3 லட்சத்தில் முடியும். பெண்களுக்கு ஞாயிறுதான் என்று இல்லை. டீச்சர்மார் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வருவார்கள்.

கணக்குப்பிள்ளை
கைவசம் தொழில் தெரிந்த பெண் வேண்டுமே அக்கா. சம்பளம் 45,000 என்றால் முதலாளி கட்டவேண்டிய ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் சேர்த்து 51,750. உங்கள் கணக்குப்படி கீ மணியும் சாமானும் சேர்த்து 9 லட்சத்துக்குத் தவணை 24,600, வாடகை 40,000. மொத்தம் மாதம் 1,16,350. புருவம் எடுக்க 300 ரூபாய் வாங்கி இதை எப்போது அடைப்பது?

பண்டாரவளை அக்கா
புருவத்துக்கு வந்த பெண்தான் தை பிறந்ததும் கல்யாணத்துக்குக் கேட்டு வருவாள். மணப்பெண் அலங்காரம் ஒன்றுக்கு நான் 25,000 வாங்குகிறேன், கூட வரும் தங்கச்சிமார் தனி. ஆனால் முதல் ஆறு மாதம் கையைக் கடிக்கும், அதை மறைக்கமாட்டேன். அந்த ஆறு மாத வாடகை கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

கொழும்பு கத்தரி
இது நான் சொன்ன பெரிசாக்கல் இல்லை. அந்தத் தம்பிக்கு வளர இன்னும் இடமில்லை.

ரெண்டு கதிரை
ரெண்டு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும். வாசலில் ஒரு கொப்பி தொங்கவிட்டு, எட்டிப் பார்த்துப் போகிறவர்களுக்குக் கோடு போடச் சொன்னேன். மொத்தம் 34. சனி, ஞாயிறு 27, மற்ற நாளெல்லாம் சேர்த்து 7. மாதத்துக்கு எழுபது வைத்தாலும் கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன 292-க்குக் கிட்டவே இல்லை. அம்மாமாருக்குத் தனிப் பக்கம். குடையோடு நின்றவர்கள் 22 பேர். அவர்களில் ரெண்டு பேர் என் வீட்டுக்காரியிடம், "உங்க தங்கச்சி வரமாட்டாளா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கொழுந்தியா தொழிற்பயிற்சி அதிகார சபையில் படித்து என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் வாங்கியவள், கொழும்பில் வேலை. கேட்டேன். வருவாளாம், ஆனால் ஈபிஎஃப் கட்டவேண்டுமாம். "சொந்தக்காரன் கடை என்று சும்மா வரமாட்டேன் அத்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

பழைய நுவரெலியாக்காரன்
விவரமான பிள்ளை. கீ மணி என்ன ஆயிற்று? போகும்போது திரும்பக் கிடைக்குமா?

ரெண்டு கதிரை
வாயால் கிடைக்கும் என்கிறார். ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னால் இழுக்கிறார். சுவரை உடைக்கவில்லை, 4 லட்சம்தான் தருவேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டு வந்தேன். லோனும் 7 லட்சத்தோடு நிற்கும். தம்பி வளர இந்தப் பக்கமே மூலையில் மூன்றாவது கதிரை போடுகிறேன், என் மேசையை எடுத்துவிட்டு. ஞாயிறு மட்டும் வெட்டு 550.

கணக்குப்பிள்ளை
நொத்தாரிசு முன்னால் எழுது. ஐந்து வருஷத்துக்கு வாடகை எவ்வளவு கூட்டலாம் என்பதையும் எழுது. ஓனர் கையெழுத்துப் போடும் வரை லோனில் கை வைக்காதே.

பண்டாரவளை அக்கா
துவாய் மெஷினையும் மறக்காதீர்கள். கொழுந்தியா அடுப்பு மேட்டில் காயவைக்கமாட்டாள்.