மண்டபச் சுவரில் பிள்ளைகள் ஓவியம்: யோசனை சொல்லுங்கள்

ரங்கூன் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் கல்யாண மண்டபத்தின் பக்கச் சுவரில், மாலைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் படம் வரையப் போகிறோம். மே கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் அக்டோபர் வரை சுவர் காயாது. மழைக்கு முன்னாடியே முடிக்கணும்.

படத்துக்குப் பஞ்சமில்லை. தனாக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசிய அப்பாயி, சுற்று ரயில், ஐராவதியில் படகு, அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை என்று வரைந்து குவித்துவிட்டார்கள். அத்தோவில் முட்டை விட்டுப்போச்சு என்று ஒருத்தன் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான்!

சுவர்தான் சிக்கல். பழைய சுண்ணாம்பு. கை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டுது, முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கு. அதன் மேலேயே அக்ரிலிக் பெயின்ட் அடித்தால் பாளம் பாளமாக உரிந்துவிடும். முழுக்கச் சுரண்டி பிரைமர் (அடிப்பூச்சு) அடிப்பதா, பிளைவுட் பலகையில் வரைந்து மாட்டுவதா? பலகை என்றால் சாரம் கட்ட வேண்டாம், பிள்ளைகள் உட்கார்ந்தே வரையலாம். எனக்கு அதுதான் சரியாகப் படுது. மண்டபத்துப் பெரியவர்களோ சுவர்தான் வேண்டும் என்கிறார்கள்.

இந்த ஊர் ஈரத்தில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சின்னப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கத் தெரிந்தவர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரிய உதவி. சாப்பாடு எங்கள் பொறுப்பு.