மகேந்திரகிரி மாமா கேட்ட கேள்வி

சின்ன செயற்கைக்கோள்களின் மின் த்ரஸ்டர்களை (மின்சாரத்தால் ஓடும் குட்டி உந்து எஞ்சின்களை) விண்வெளியில் ஓட்டிப் பார்த்து, வரும் தரவை அலசுவது என் வேலை. இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி பணகுடியில் எங்க மாமாவிடமிருந்து வந்தது. மகேந்திரகிரி இஸ்ரோ எஞ்சின் சோதனை மையத்தில் ஒப்பந்த ஃபிட்டராக இருந்தவர். விகாஸ் ராக்கெட் எஞ்சின் உறுமலோடு வாழ்ந்த மனுஷன்.

"இது எவ்வளவுடே தள்ளும்?" என்றார். ஒரு மில்லிநியூட்டன், ஒரு ஏ4 தாளின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு என்றேன். விகாஸ் தள்ளுவது சுமார் 80 டன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்: 10 கிலோ செயற்கைக்கோளை ஒரு நாள் முழுக்கத் தள்ளினால் வேகம் நொடிக்கு 8.6 மீட்டர் கூடும். 500 கி.மீ. உயரத்தில் அது சுமார் 15 கி.மீ. ஏற்றம். நிஜத்தில் சூரியத் தகடு தரும் மின்சாரத்துக்குத் தினமும் கொஞ்ச நேரம்தான் ஓட்ட முடியும்.

அப்புறம்தான் கேட்டார்: "காத்த உறிஞ்சிட்டுச் சோதிக்கிற அறை நம்ம மலையடிவாரத்துலயே இருக்கே. பொறவு எதுக்கு மேல கொண்டு போறீய?"

அருமையான கேள்வி. எவ்வளவு பம்ப் போட்டாலும் த்ரஸ்டர் கக்கும் செனான் வாயு கொஞ்சம் அறைக்குள் தங்கிவிடும். ஹால் த்ரஸ்டர் (வாயுவை அயனியாக்கி, அதாவது மின்னேற்றி, வெளியே தள்ளும் மின் த்ரஸ்டர்) அதையும் உள்ளே இழுத்துத் தள்ளும். உந்துவிசை உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அயனிகள் சுவரில் மோதித் தெறிக்கும் உலோகம் த்ரஸ்டர் மேலேயே படியும். உலோகச் சுவர் எலக்ட்ரான்களுக்கு ஒரு குறுக்கு வழியும் ஆகிவிடும். மேலே சுவரே கிடையாது.

ஆனால் உந்துவிசையை அளக்கத் தராசும் அங்கே கிடையாது. த்ரஸ்டரைக் கோளின் எடைமையத்துக்குக் கொஞ்சம் விலகித் தள்ள விட்டால் கோள் திரும்பப் பார்க்கும்; ரியாக்‌ஷன் வீல் (கோளின் திசையைப் பிடித்து வைக்கும் சுழல் சக்கரம்) வேகமெடுத்து அதைத் தடுக்கும். வரைபடத்தில் அதுவரை கிடையாகப் போன வீல் வேகக் கோடு, த்ரஸ்டர் பற்றிக்கொண்ட நொடியில் சாய்வாக ஏறும். அந்தச் சாய்விலிருந்துதான் உந்துவிசையைக் கணக்கிடுவோம். மாமா அந்தக் கோட்டின் மேல் விரல் வைத்து, "இந்தா, இங்ஙனதான் பத்துது" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். 2024 ஜனவரி 1 அன்று போன பி.எஸ்.எல்.வி. சி58-இன் நான்காம் கட்டம், வேலை முடிந்தும் போயம்-3 என்ற பெயரில் 350 கி.மீ. உயரத்தில் சுற்றியது. பெல்லாட்ரிக்ஸ் நிறுவனத்தின் ஆர்கா-200, அதாவது ஹால் த்ரஸ்டருக்கான ஹீட்டர் இல்லாத கேத்தோடு (எலக்ட்ரான்களை உமிழும் பாகம்), அதில்தான் சோதிக்கப்பட்டது. அந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் எரிந்தது மாமாவின் விகாஸ். "அப்போ நாங்க ஏத்தி விட்டதுலதான் நீங்க சோதிக்கிறீய" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆமாம் மாமா, அப்படித்தான்.

நெல்லைக் கல்லூரிகளில் கியூப்சாட் (பெட்டி வடிவக் குட்டிச் செயற்கைக்கோள்) செய்யும் தம்பி தங்கைகளுக்கு: ஜிபிஎஸ் காட்டும் ஏற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். சூரியன் சீறினால் மேல் வளிமண்டலம் உப்பி இழுவை கூடும்; த்ரஸ்டர் தள்ளியதை அது தின்றுவிடும். த்ரஸ்டர் ஓட்டாத நாட்களின் சுற்றுப்பாதைத் தரவையும் விடாமல் சேர்த்து வையுங்கள்; இழுவை எவ்வளவு என்று அது சொல்லும். அந்த இழுவையின் பங்கைக் கழித்த பிறகு வரும் எண்ணும் வீல் சொல்லும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.