குடும்பக் குழு: சின்னவன் பாத்த எம்3

*சனிக்கிழமை*

சின்னவன்: [படம்]

சின்னவன்: எல்லாரும் ஒருக்கா பாருங்க. பிஎம்டபிள்யூ எம்3, ஈ92 கூபே (ரெண்டு கதவு 3 சீரிஸ்ட வேகக் கார்), 2009. டிசிடி கியர் (ரெட்டைக் கிளச் ஓட்டோ), மீற்றர் 88,000. கார் கொழும்பில நிக்குது. இண்டைக்கே அட்வான்ஸ் போட்டா விலை குறைப்பாராம்.

கல்லடி மாமா: ஒரு சதமும் போடாத மனே. முதல்ல அது எம்3தானா எண்டு பாப்பம். சேசிஸ் நம்பர் அனுப்பச் சொல்லு.

சின்னவன்: பின்னால எம்3 எண்டு பட்ஜ் இரிக்கே மாமா

கல்லடி மாமா: பட்ஜ் கடையில விக்கிற சாமான். 320 கூபேக்கு எம்3 பம்பரும் நாலு சைலன்சர் வாயும் பூட்டி விடுறது ஒண்டும் புதுசில்ல.

லண்டன் அண்ணன்: சேசிஸ் நம்பர்ட முதல் மூண்டு எழுத்தைப் பாரு. சாதாரண 3 சீரிஸ் எண்டா டபிள்யூ-பி-ஏ. பிஎம்டபிள்யூட வேகக் கார் செய்யிற எம் பிரிவில செஞ்சது எண்டா டபிள்யூ-பி-எஸ். எஞ்சின் கோட் எஸ்65பி40ஏ. சி.ஆர்.ல (வாகனப் பதிவுப் புத்தகம்) சிசி 3,999 எண்டு இருக்கணும். இந்த மூண்டும் ஒத்துவராட்டி மறுகா பேசவே தேவையில்ல.

கல்லடி மாமா: பாடியையும் அப்பிடியே பார். சாதாரண ஈ92ல இருந்து எம்3க்குச் சரிவாறது கதவு, டிக்கி மூடி, கண்ணாடி, லைட்டுகள்தான். முன் மட்காட், பொனட், பம்பர் எல்லாம் வேற. சன்ரூஃப் இல்லாத கார் எண்டா கூரை காபன் ஃபைபர், அதில நெசவு தெரியணும். அடிபட்ட எம்3க்கு மட்காட் தேடினா கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடைகள்ல லேசில கிடைக்காது. அதனாலதான் பட்டி (பள்ளத்தை நிரப்புற பசை) போட்டு இழுத்து வைக்கிறாங்க.

சின்னவன்: காந்தம் வைச்சுப் பாத்தா தெரியுமா?

கல்லடி மாமா: முன் மட்காட் பிளாஸ்டிக், பொனட் அலுமினியம். அங்க நல்ல கார்லயும் காந்தம் ஒட்டாது. கதவிலயும் பின் குவாட்டர்லயும் (பின் சில்லுக்கு மேல இரிக்கிற பாடித் தகடு) பெயின்ட் தடிப்பை அளக்கிற மீற்றர் வைச்சு அள. கொம்பனிப் பெயின்ட் 100இல இருந்து 150 மைக்ரோன் வரைக்கும் காட்டும். 300க்கு மேல போனா பட்டி. ஒரு கதவு மட்டும் 200 காட்டினா கீறலுக்குத் திரும்ப அடிச்சிருக்கலாம், அது பெரிய விசயமில்ல. குவாட்டர்ல 500, 600 எண்டா காரை லிஃப்டில ஏத்தி அடிப்பக்கம் பாக்காம விடாத.

பெரியம்மா: ரெண்டு கதவுக் காரா? நான் பின்னால எப்பிடி ஏறுற?

ஆரையம்பதி சித்தப்பா: மதினி, உங்களுக்கு அதில இடமில்ல. கோயிலுக்கு என்ட ஆட்டோவில வாங்க.

லண்டன் அண்ணன்: சரி, எஞ்சின் கதைக்கு வாறன். இதை வடிவா வாசி. எஸ்65 வி8, 420 குதிரை வலு, 8,300 ஆர்பிஎம்மில. பலவீனம் கொன்ரோட் பெயரிங், பிஸ்டன் தண்டு கிராங்கில (எஞ்சினைச் சுத்துற தண்டு) பூட்டுற இடத்தில இரிக்கிற மெல்லிய ஓடு. கிராங்குக்கும் பெயரிங் ஓட்டுக்கும் நடுவுல விட்ட இடைவெளி இறுக்கம். அதுக்குள்ள 10டபிள்யூ-60 எண்ட தடிச்ச ஒயில். எஞ்சின் சூடாகாம இருக்கக்குள்ள ஏத்தி மிதிச்சா ஒயில் படலம் அறுந்து ஓடு தேயும். தேய்ஞ்சு முடியிற வரைக்கும் ஒரு சத்தமும் வராது. தட்டுற சத்தம் கேட்டா கிராங்கும் போச்சு, அதோட எஞ்சினும் போச்சு.

லண்டன் அண்ணன்: அதனால விக்கிறவர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி, பெயரிங் மாத்தினதா, மாத்தினா பில் இரிக்கா எண்டு. இங்க கனபேர் 100,000 கிலோமீற்றருக்குள்ள முன்கூட்டியே மாத்திடுவாங்க. முன் சப்ஃப்ரேமை (எஞ்சினுக்குக் கீழ இரிக்கிற சட்டம்) இறக்கி, சம்ப் (ஒயில் தட்டு) கழட்டி, 16 ஓடும் 16 போல்ட்டும் புதுசா போடணும். பழைய போல்ட்டைத் திரும்பப் போட்டிருந்தா அந்த வேலை செஞ்சதும் செய்யாததும் ஒண்டுதான்.

சின்னவன்: மாத்தலையாம் அண்ணன். “எஞ்சின் பட்டு மாதிரி” எண்டு சொல்றார்

லண்டன் அண்ணன்: பில்தான் வேணும், பட்டு வேணாம்.

கல்லடி மாமா: ஒயில் ஃபில்டரைக் கழட்டிப் பாக்க விடுவாரா எண்டு கேள். எஸ்65ல ஃபில்டர் மேல் பக்கம் கூட்டுக்குள்ள இரிக்கிற கடதாசி ஃபில்டர், கழட்டுறது பெரிய வேலையில்ல. வெட்டி, மடிப்பை ஒவ்வொண்டா விரிச்சு, வெள்ளைத் துணியில ஒத்தி, வெயில்ல சரிச்சுப் பார். கருப்புத் தூள் வெறும் கரி. செம்பு நிறத்தில சின்னச் சின்னத் தகடு மினுங்கினா பெயரிங் ஓடு கரையுது. அதுக்குப் பிறகு அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணவும் சொல்லாத.

லண்டன் அண்ணன்: ஓம், ஆனா ஒண்டைச் சேத்துக்க. ஃபில்டர் சுத்தமா இருந்தா பெயரிங் நல்லம் எண்டு அர்த்தமில்ல. போன கிழமை ஒயில் மாத்தி இருந்தா ஒண்டும் தெரியாது. பில் இல்லாட்டி பெயரிங் வேலைக்கான காசை விலையில கழிச்சே பேசு.

சின்னவன்: வேற என்ன போகும் அதில?

லண்டன் அண்ணன்: த்ராட்டில் அக்சுவேட்டர் ரெண்டு, எஞ்சினுக்குக் காத்து விடுற மூடியைத் திறக்கிற மோட்டர். உள்ளுக்கு இரிக்கிற பல்லுச் சில்லு தேயும். திடீரெண்டு எஞ்சின் லைட் வந்து கார் நொண்டி மாதிரி ஊரும். ரிப்பேர் கிட் கிடைக்கும், ஆனா ரெண்டையும் ஒண்டா செய்யணும். மறுகா ஐடில் வால்வு. ஒயிலும் குடிக்கிற எஞ்சின், டிக்கியில ஒரு லீட்டர் கான் எப்பவும் கிடக்கணும்.

லண்டன் அண்ணன்: சேர்விஸ் புத்தகத்தில 2,000 கிலோமீற்றர்ல ஒரு முத்திரை இருக்கணும். எம் கார்களுக்கு மட்டும் வாற முதல் சேர்விஸ் அது, எஞ்சின் ஒயிலும் டிஃப் ஒயிலும் (பின் சில்லுக் கியர்ட ஒயில்) மாத்துவாங்க. மறுகா, கொம்பனி சொல்ற 25,000 இடைவெளியை நம்பாத. 10,000க்குள்ள மாத்தினவர்ட கார்தான் நமக்கு.

பேங்க் அக்கா: நான் பேப்பர் பக்கம் சொல்றன். சி.ஆர்.ல இரிக்கிற பேரும் விக்கிறவர்ட அடையாள அட்டையும் ஒண்டா? “ஓப்பின் பேப்பர் (பேர் மாத்தாத பேப்பர்), மூண்டு கை மாறினது” எண்டு சொன்னா எழும்பி வந்திடு. பேர் மாத்துற எம்.டி.ஏ. 6 படிவத்தில பதிவு உரிமையாளர்ட கையெழுத்து உனக்கு முன்னால விழணும். வருமான லைசன்ஸ், புகைச் சான்று, இன்சூரன்ஸ் மூண்டும் அந்த நம்பருக்கு இப்ப செல்லுபடியா எண்டும் பார்.

ஆரையம்பதி சித்தப்பா: 2009ஆம் ஆண்டுக் காருக்கு ஏன் இவ்வளவு விலை கேக்கிறாங்க?

பேங்க் அக்கா: 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் காருக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்தாங்க சித்தப்பா. இடையில உள்ளூர்ல இருந்ததெல்லாம் ஏறிட்டு. திறந்த பிறகும் பெரிய சிசிக்கு வரி பயங்கரம். கார் அரிது எண்டதுக்குத்தான் இந்த விலை. நல்ல கார் எண்டதுக்கு இல்ல.

கல்லடி மாமா: சரியாச் சொன்ன மகள்.

சின்னவன்: இது யூகேயில இருந்து வந்ததாம். அங்க எம்.ஓ.டி. எண்டு வருசா வருசம் செய்யிற கார்ப் பரிசோதனைட பதிவை ஒன்லைன்ல பாக்கலாமே அண்ணன்?

லண்டன் அண்ணன்: பாக்கலாம், பழைய நம்பர் பிளேட் இருந்தா. ஆனா இங்க முதல் எம்.ஓ.டி. மூண்டு வருசத்திலதான். இலங்கைக்கு வாற பாவிச்ச கார் பெரும்பாலும் அதுக்கு முந்தியே கப்பல் ஏறிடும். அதனால அதில வெறுமையா இருந்தா பயப்படவும் வேணாம், அதை நம்பவும் வேணாம். மீற்றர் கணக்கு டாஷ்போர்டில மட்டுமில்ல, சாவிக்குரிய சிஏஎஸ் மொடியூல்லயும் எழுதப்பட்டிரிக்கும். பிஎம்டபிள்யூ ஸ்கானர் வைச்சிரிக்கிற ஆள் ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுவார்.

கல்லடி மாமா: ஸ்கான் பண்ணக்குள்ள பிழை ஒண்டும் இல்ல எண்டு வந்தா சந்தோசப்படாத. ரெடினஸ் (கார் தன்னைத் தானே சோதிக்கிற பட்டியல்) எல்லாம் முடிஞ்சிரிக்கா எண்டு பார். “முடியல்ல” எண்டு காட்டினா நேத்து யாரோ பிழையை அழிச்சிரிக்கான், இல்லாட்டி பற்றறியைக் கழட்டிப் போட்டிரிக்கான். கட்டலைட்டிக் கொன்வேர்ட்டரையும் (புகையைச் சுத்தம் பண்ற பெட்டி) கீழ இருந்து கண்ணால பார். அதில விலை கூடின உலோகம் இரிக்கு எண்டு அறுத்து வித்திட்டு, சென்சருக்கு ஒரு துண்டுக் குழாய் வைச்சு ஏமாத்துவாங்க.

ஆரையம்பதி சித்தப்பா: வெள்ளத்தில நிண்ட காரா எண்டும் பாக்கணும். 2016 மே வெள்ளத்தில கொலன்னாவ, கடுவெல பக்கம் எத்தின கார் தாண்டது.

கல்லடி மாமா: நல்ல ஞாபகம். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு, உள்ளுக்கு இரிக்கிற நாடாவில சேத்துக் கோடு கிடக்கும். சீட் தண்டவாளத்தில துரு. கால் விரிப்புக்குக் கீழ இரிக்கிற ஸ்பொஞ்சை அமத்திப் பார், பிசுபிசுப்பும் மணமும் போகாது. டிக்கி விரிப்பைத் தூக்கி பற்றறிக் குழியையும் பார். வயர் முனையில பச்சை பூத்திருந்தா முடிஞ்சுது.

சின்னவன்: ஓடிப் பாக்கிறது எப்பிடி?

கல்லடி மாமா: போகக்குள்ள எஞ்சின் பச்சைத் தண்ணியா இருக்கணும். முதல்நாள் ராத்திரியே சொல்லி வை, போனதும் பொனட்டில கை வை. சூடா இருந்தா கேள், ஏன் எண்டு. ஸ்டார்ட் பண்ணி முதல் நிமிசத்துச் சத்தத்தைக் கேள். மறுகா மெதுவா ஓடு. அந்தக் காரில ஆர்பிஎம் மீற்றரைச் சுத்தி மஞ்சள் லைட் எரியும், ஒயில் சூடாகச் சூடாக ஒவ்வொண்டா அணையும். எல்லாம் அணையுமட்டும் ஏத்தாத. விக்கிறவரே குளிர் எஞ்சின்ல மிதிச்சுக் காட்டினா அவர் இத்தின வருசம் எப்பிடி ஓட்டியிருப்பார் எண்டு விளங்கும்.

கல்லடி மாமா: சூடான பிறகு நாலு சந்தியில நிப்பாட்டி எடு. டிசிடி ஒண்டுல இருந்து ரெண்டுக்குப் போகக்குள்ள உதறுதா, ரிவர்ஸ் போட்டா தயங்குதா? மறுகா ஏசி போட்டு பத்து நிமிசம் நிப்பாட்டி வை. நம்மட வெயில்ல ஏசியும் ஃபேனும் அங்கதான் பல்லிளிக்கும்.

லண்டன் அண்ணன்: பிறேக்கைச் சொல்ல மறந்திடாதீங்க மாமா. முன் டிஸ்க் 360 மில்லிமீற்றர், புதுசா 30 தடிப்பு. குறைஞ்ச தடிப்பு டிஸ்க்கிலயே அடிச்சிரிக்கும், கலிப்பர் வைச்சு அள. டயர் 18 அங்குல சில்லு எண்டா முன்னுக்கு 245/40, பின்னுக்கு 265/40. நாலும் ஒரே பிராண்டா பார். டாட் எண்ட எழுத்துக்குப் பிறகு கடைசி நாலு இலக்கம், 2319 எண்டா 2019ல 23ஆம் கிழமை. பூ (டயர் வெட்டு) தேயாம இருந்தாலும் ஆறு வருசம் தாண்டின டயரை எறியிற கணக்கிலயே வை.

ஆரையம்பதி சித்தப்பா: எல்லாம் சரி மகன், இங்க அதை எங்க ஓட்டப் போற? நம்மட ஒழுங்கையில அது வயித்தால உரசும். மாரியில தண்ணி நிண்டா காத்து இழுக்கிற வாய் பம்பருக்குப் பின்னால தாழ இரிக்கு, ஒரு வாய் தண்ணி போனா கொன்ரோட் வளைஞ்சிடும்.

சின்னவன்: மாரியில எடுக்க மாட்டன் சித்தப்பா. பெற்றோல் எவ்வளவு குடிக்கும்?

லண்டன் அண்ணன்: கொம்பனிக் கணக்கே 100 கிலோமீற்றருக்கு 12 லீட்டர் அளவில. டவுன்ல லீட்டருக்கு 5 கிலோமீற்றர் கிடைச்சா சந்தோசப்படு. 98 ஒக்டேன் கேக்கிற எஞ்சின், குறைஞ்சது 95 போடணும். 92 போடவே கூடாது.

பேங்க் அக்கா: 95 எல்லா பெற்றோல் ஷெட்டிலயும் இல்ல. டாங்க் 63 லீட்டர்தானே, கொழும்பால மட்டக்களப்புக்கு வரக்குள்ள பொலன்னறுவைக்கு முதலே நிரப்பிக்க. வெலிக்கந்தை, புனானைக்குள்ள இருட்டினாப் பிறகு யானை நிக்கும், பகல்ல வா.

கல்லடி மாமா: நிப்பாட்டி வைக்கிறதும் பிரச்சினை. கடற்கரைக் காத்து பிறேக் டிஸ்க்கைத் தின்னும். பிளாஸ்டிக் கவர் போடாத, உள்ளுக்கு வேர்க்கும். பற்றறிக்கு மெயின்டைனர் சார்ஜர் (நிக்கிற கார்ட பற்றறி இறங்காம வைக்கிறது) வேணும். புதுப் பற்றறி போட்டா ஸ்கானரால கார்ல பதியணும், பதியாட்டி பழைய பற்றறி எண்டு நினைச்சே சார்ஜ் பண்ணும்.

சின்னவன்: அப்ப பென்ஸ் சி63 ஏஎம்ஜி பாக்கவா? இல்லாட்டி போர்ஷ் கயென் ஜீப்?

கல்லடி மாமா: 2011க்கு முந்திய சி63 எண்டா ஹெட் போல்ட் (எஞ்சின் மேல் மூடியை இறுக்கிற போல்ட்) துருப்பிடிச்சு அறும், தண்ணி சிலிண்டருக்குள்ள போகும். பழைய கயென் வி8ல இன்டேக்குக்குக் கீழ பிளாஸ்டிக் தண்ணிக் குழாய் வெடிக்கும், அலுமினியத்துக்கு மாத்தினதா எண்டு பில் கேக்கணும். நம்மட ரோட்டுக்கு எண்டா கயென்தான் புத்தி. உனக்கு ஆசை எங்க எண்டு தெரியும், அதனால சொல்லிப் பிரயோசனமில்ல.

பேங்க் அக்கா: கார் விலையில கால்வாசியைத் தனியா கையில வை தம்பி. வாங்கின முதல் மாசமே எஞ்சின் ஒயில், டிசிடி ஒயில், டிஃப் ஒயில், பிறேக் ஒயில், கூலன்ட், எட்டு பிளக் எல்லாம் மாத்த வேண்டி வரும். பெயரிங் அதுக்கு மேல. அந்தக் கால்வாசி இல்லாட்டி கார் உனக்கில்ல. இன்சூரன்ஸ் கொம்பனியிட்டயும் எழுத்தில கேள், எந்தப் பெறுமதிக்கு எடுப்பீங்க, பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பீங்களா எண்டு.

*ஞாயிறு*

சின்னவன்: சேசிஸ் நம்பர் அனுப்பிட்டார். டபிள்யூ-பி-எஸ்தான்!! சி.ஆர். படமும் போடுறன்

சின்னவன்: [படம்]

லண்டன் அண்ணன்: 3,999 சரி. எஞ்சின் நம்பரும் எஸ்65ல தொடங்குது. கார் உண்மையானதுதான்.

பேங்க் அக்கா: சி.ஆர்.ல முழு உரிமையாளர் (கடன் குடுத்தவர்ட பேர் போடுற இடம்) எண்ட பெட்டியைப் பாத்தியா? லீசிங் கொம்பனிட பேர் கிடக்கு.

சின்னவன்: கட்டி முடிச்சாச்சாம் அக்கா, பேர் மட்டும் எடுக்கலையாம்

பேங்க் அக்கா: முடிச்சிருந்தா கொம்பனி விடுவிப்புக் கடிதம் குடுத்திருக்கும். அதின்ட படத்தைக் கேள். இல்லாட்டி பாக்கி எவ்வளவு எண்டு கொம்பனிட கடிதத்தாள்ல எடுத்து வரட்டும், காசை நேரா கொம்பனிக்குக் கட்டி மிச்சத்தை அவருக்குக் குடுக்கலாம்.

கல்லடி மாமா: கடிதம் வந்தா மட்டும் லிஃப்டுக்கு நாள் எடு. அவர்ட கராஜ் வேணாம், வேற கராஜ். கூலியை நீ குடு, அப்பதான் கராஜ்காரன் உனக்குச் சொல்லுவான். பெயின்ட் மீற்றரும் கலிப்பரும் என்னட்ட இரிக்கு, பொழுதுபட வந்து எடுத்துக்க.