வலே மலை வாய்க்கால் நடை: நிவேர்க், கோர்ப்பெரி, அயான் போகிறவர்களுக்குப் பலர் சேர்த்த குறிப்புகள்

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் இந்த மலை வாய்க்கால்களுக்கு இரண்டு பெயர். பிரெஞ்சு பேசும் மேற்குப் பக்கம் 'பிஸ்', ஜெர்மன் பேசும் கிழக்குப் பக்கம் 'சூவோனே'. ரோன் பள்ளத்தாக்கின் இரண்டு கரையிலும் உயர்ந்த மலைத்தொடர்கள் மழையை மறித்துவிடுவதால், மாநிலத் தலைநகர் சியோன் பக்கத்துச் சரிவுகளில் ஆண்டுக்கு 600 மி.மீ. அளவுக்குத்தான் மழை. பனியாறு உருகி வரும் தண்ணீரோ எட்டாத ஆழத்தில், பாறை இடுக்குக்குள் ஓடுகிறது. அதனால் இடுக்கின் தலைப்பிலேயே தண்ணீரை மறித்து, செங்குத்துப் பாறையை ஒட்டியே கொண்டுவந்து, ஊர்ப் புல்வெளிக்கும் திராட்சைக்கும் பாய்ச்சினார்கள். அவுசர்பெர்க் ஊரின் நிவேர்க் வாய்க்கால் 1381-ஐச் சேர்ந்தது. அயான் 1442, க்ளவோ 1453.

வாய்க்கால் பாதையில் ஏற்ற இறக்கம் கிடையாது. வரைபடத்தில் உயரக்கோட்டை ஒட்டியே போகும். 'சமதளம்தானே' என்று சாதாரண ஷூவோடும் சின்னப் பிள்ளைகளோடும் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அது நடைபயணத்துக்குப் போட்ட பாதை அல்ல. வாய்க்கால் காவலர் போய்வரப் போட்டது. ஓர் ஆள் அகலம். சில இடத்தில் அதுவும் இல்லை, பலகைதான். மூச்சு வாங்காது, ஆனால் கால் தவறினால் நேரே கீழே.

பால்ட்சீடர் பள்ளத்தாக்குச் சுற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவுசர்பெர்க் ரயில் நிலையத்தில் தொடங்கி நிவேர்க்கைப் பிடித்து உள்ளே போய், ஸ்டைனு என்ற இடத்தில் ஓடையைக் கடந்து, எதிர்க்கரையில் கோர்ப்பெரி வாய்க்கால் வழியாக எக்கர்பெர்க் நிலையத்தில் முடிக்கலாம். நிதானமாக நடந்தால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிவேர்க்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டில் அதுதான் குறுகல். காலையில் கால் தளராதபோது முடித்துவிட வேண்டும். ஊர்ப் பக்கமிருந்து போகும்போது அகலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தலை சுற்றுகிறது என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். எதிர்ப்பக்கமிருந்து வந்தால் மோசமான இடம் எடுத்த எடுப்பில் வரும்.

* * *

குறுகிய இடத்தைப் பற்றிச் சேர்க்க வேண்டியது நிறைய.

ஊன்றுகோலை மடித்துப் பையில் போடுங்கள். பாறைப் பக்கக் கையில் இருக்கும் கோல் பாறையில் இடித்து, ஆளைப் பள்ளத்தின் பக்கம் தள்ளும். பை விஷயமும் அப்படியே: பக்கவாட்டில் பாய், பாட்டில் தொங்கவிட்ட பை வளைவில் பாறையைத் தட்டும், உடம்பு வெளியே சாயும். எல்லாம் முதுகுக்குள் அடங்க வேண்டும்.

இரும்புக் கம்பி கட்டிய இடத்தில் ஒரு கை எப்போதும் கம்பியில். ஆனால் ஒரே கம்பித் துண்டில், அதாவது இரண்டு ஆணிக்கு நடுவில், இரண்டு பேர் தொங்கக் கூடாது. முன்னால் போகிறவர் இழுத்தால் பின்னால் இருப்பவர் கையில் கம்பி அதிரும்.

பலகைப் பாதையில் அடியில் குறுக்குக் கட்டை எங்கே இருக்கிறதென்று ஆணித்தலையைப் பார்த்தாலே தெரியும். கால் அங்கே விழட்டும். நடுப்பலகை வளையும். வாய்க்காலின் விளிம்புப் பலகையில் ஏறி நடக்கிறார்கள் சிலர், படம் எடுக்க. அது தண்ணீரைத் தாங்கச் செய்தது, ஆளைத் தாங்க அல்ல. பலகைக்குப் போட்ட லார்ச் என்ற ஊசியிலை மரம் லேசில் உளுத்துப்போகாது என்பது உண்மை, ஆனால் நனைந்து பாசி பிடித்தால் சோப்புதான். மழை பெய்த மறுநாளும் நிழல் பக்கம் காயாது. அக்டோபர் காலையில் கசிந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும்.

எதிரே ஆள் வந்தால்? பின்னால் அகலமான இடம் யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவர் பின்வாங்குவதுதான் மரியாதை. நிற்பவர் பாறைப் பக்கம் முதுகை ஒட்டி நிற்க வேண்டும், பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு.

* * *

ரயில் விசயம் ஒண்டு சொல்லுறன், கனபேர் பிழை விடுகினம். பேர்ண் பக்கமிருந்து வாற விரைவு ரயில் 2007-இல திறந்த அடிச்சுரங்கத்தாலதான் போகும், நேரே விஸ்ப்பிலதான் நிக்கும். அவுசர்பெர்க், எக்கர்பெர்க் எல்லாம் 1913-இல போட்ட பழைய மலைப்பாதையில இருக்கு. காண்டர்ஸ்டெக், கோப்பன்ஸ்டைன் வழியா வாற ரயிலை எடுங்கோ, இல்லாட்டி பிரிக் போய் மாறுங்கோ.

மஞ்சள் கைகாட்டியில போட்டிருக்கிற நேரம் இளைப்பாறாமல் நடக்கிற நேரம். சமதரையில மணிக்கு 4.2 கி.மீ. எண்டு வைச்சுத்தான் கணக்குப் பார்க்கினம். பிள்ளையளோட போறவை அரைவாசியாவது கூட்டிக்கொள்ளுங்கோ. வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளம் எண்டா மலைப்பாதை, சறுக்காத அடி உள்ள சப்பாத்து வேணும். வெள்ளை-நீல-வெள்ளை எண்டா கயிறு, ஏறு பழக்கம் உள்ளவைக்கு மட்டும்.

காலம்: மே நடுப்பகுதிக்கு முன்னம் போகாதையுங்கோ. பனி கரையேக்க கல்லு விழும், சில துண்டு மூடியும் இருக்கும். யூலையில பின்நேரமும் கவனம். பனியாற்றுத் தண்ணி காலமை குறைவு, வெயில் ஏற ஏறப் பெருகி, பின்னேரம்தான் கூட. காலமை தாண்டின ஓடையைத் திரும்பி வரேக்க தாண்ட ஏலாமல் நிக்கிறவை இருக்கினம்.

பிரிக்குக்கு மேல இருக்கிற மாசா ஆத்து இடுக்குக்குப் போறவைக்கு இன்னுமொண்டு. மேல கெபிடெம் அணை இருக்கு. நல்ல வெயிலிலயும் அணைத் தண்ணி திடீரெண்டு வரலாம் எண்டு எச்சரிக்கைப் பலகை வைச்சிருப்பினம். அது சும்மா வைச்சதில்லை. ஆத்துப் படுக்கையில இறங்கி இருந்து சாப்பிடாதையுங்கோ.

அவசரத்துக்கு வலேயில 144. அலைபேசி எடுக்காத இடம் கன இருக்கு, ஆனபடியால் ஒரு விசில் வைச்சிருங்கோ: நிமிசத்துக்கு ஆறு தரம், பிறகு ஒரு நிமிசம் நிப்பாட்டி, திரும்பவும்.

* * *

வாய்க்காலைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்து போனால், எதைத் தொடக் கூடாது என்பது புரியும்.

பாறையில் துளை போட்டு மரக்கட்டைகளை அடித்து, அதன் மேல் குடைந்த மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டார்கள். மண் உள்ள இடத்தில் வெறும் கால்வாய். பனியாற்றுத் தண்ணீரில் பால் மாதிரி மிதக்கும் நுண்ணிய கல்தூள் படிந்து படிந்து அடித்தளம் கசியாமல் அடைபடும். வயலுக்கும் அது உரம். ஆனால் அதே வண்டல் வளைவுகளில் சேர்ந்தால் வாய்க்கால் மேடிடும். ஊசியிலையும் காயும் ஒரு கிளையில் சிக்கினால் போதும், தண்ணீர் கரை மேல் ஏறும், மண் கரை அரிக்கும், அப்புறம் கீழே உள்ள பாதையும் தோட்டமும் போகும். நடக்கும்போது பாதை ஈரமாக, அதுவும் மழையில்லாத நாளில் ஈரமாக இருந்தால், மேலே எங்கோ வழிகிறது என்று அர்த்தம். அந்தக் கரை மண் இளகியிருக்கும். பாறைப் பக்கம் ஒதுங்கி நடங்கள்.

காவலருக்கு இதைச் சொல்ல ஒரு பழைய உத்தி: தண்ணீர்ச் சக்கரம் சுற்றும்போது ஒரு மரச்சுத்தி பலகையில் 'டொக் டொக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் நின்றது. சில பாதைகளில் இன்றும் கேட்கும். பிள்ளைகள் அதைக் கையால் நிறுத்திப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

வழியில் தகட்டையோ பலகையையோ செருகி மறித்திருந்தால் அது யாரோ ஒருவருடைய தண்ணீர் முறை. யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதை முன்பு மரக்குச்சியில் வெட்டு வெட்டாகச் செதுக்கி வைத்திருந்தார்கள், 'டெஸ்ஸல்' என்று பெயர். வசந்தத்தில் பங்குதாரர்கள் சேர்ந்து வாய்க்காலைத் தூர் வாரியதும் முறைதான், நம் குடிமராமத்தேதான் என்று சொல்லிவிடலாம். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியதும் இந்தக் கூட்டுப் பாசன முறையைத்தான். சுவிஸோடு ஆஸ்திரியா, இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் நாடுகளுக்கும் அதில் பங்கு.

தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்க வேண்டாம். மேலே மாடு மேய்கிறது.

* * *

முதல் தடவை போகிறவர்களை நேராக நிவேர்க்குக்கு அனுப்பாதீர்கள். சியோனுக்கு மேலே க்ளவோ போதும்: திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கல்லடுக்குச் சுவர்களை ஒட்டி நல்ல அகலமான பாதை. நிழல் கிடையாது, ஆகஸ்ட் மதியம் வேண்டாம். காய்ந்த கல்சுவரில் விரியன் வெயில் காயும். சந்துக்குள் கை விடக் கூடாது.

அடுத்தது அயான். 100 பிராங்க் நோட்டின் (2019-ல் வந்தது) பின்பக்கம் இருப்பது இந்த வாய்க்கால்தான். தோரோன் குருவா என்ற இடத்தில் பாறையில் தொங்கும் மரத்தொட்டிகளைப் பார்க்கலாம். 1831-லேயே பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டுவிட்டார்கள், இப்போது தொங்குவது பிற்பாடு மறுபடி கட்டியது. நடப்பவர்கள் சுரங்கத்துக்குள்தான் போக வேண்டும். தலை இடிக்கும், குனிய வேண்டும். பக்கத்து பொத்தீர் ஊரில் பிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, போகும் முன் அங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால் வழியில் பார்ப்பதெல்லாம் விளங்கும்.

சவியேஸ் ஊரின் தோரோன் நெஃப் வாய்க்கால் பார்க்கப் பயமாக இருக்கும், நடக்கப் பயமில்லை. நான்கு தொங்குபாலம், கம்பி வேலி எல்லாம் உண்டு. 1935-ல் மலையைக் குடைந்து தண்ணீரை வேறு வழியில் விட்டதால் கைவிட்ட பாதை, பிறகு நடப்பவர்களுக்காகவே சீர் செய்தது. தொங்குபாலத்தில் எல்லோரும் ஒரே தாளத்தில் நடந்தால் ஆட்டம் கூடும். காலை மாற்றிப் போடுங்கள்.

* * *

நிவேர்க்கில் குறுகல் பகுதி ஒத்துவராது என்றால் சுரங்கம் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர், இருட்டு, காலடியில் தண்ணீர் ஓடும் சத்தம். அலைபேசி வெளிச்சம் பத்தாது; ஒரு கை அதற்கே போய்விடும். தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, மாற்று பேட்டரியோடு. கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு ஜாக்கெட் கைக்கெட்டும்படி மேலே வையுங்கள். உயரமானவர்கள் தொப்பி போட்டுக்கொள்வது நல்லது.